தொப்புள் வழியே ஒரு குறுக்குவழி

குடலில் புற்றுநோய் வந்தால் அடுத்து அது இடம் தேடிப் போவது பெரும்பாலும் கல்லீரலுக்கு. ஏன் அங்கே என்று கேட்டு டாக்டர்கள் பல காலம் மல்லுக்கட்டினார்கள். 1889இல் லண்டன் சர்ஜன் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிவிட்டு, விதை எங்கும் விழும், மண் ஒத்துக்கொண்டால்தான் முளைக்கும் என்றார். மண்ணாவது, விதையாவது, எல்லாம் குழாய் விவகாரம் என்றார் அமெரிக்காவின் ஜேம்ஸ் யூயிங். ரத்தம் போகிற இடத்துக்குப் புற்றும் போகிறது, அவ்வளவுதான். குடல் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலில் போய் விழுவதால், குடல் தொகுதியில் யூயிங் கட்சிக்கே செல்வாக்கு.

1970களில் லிவர்பூலில் இர்விங் டெய்லர் இதை அப்படியே பிடித்துக்கொண்டார். திருடன் வருகிற சந்திலேயே போலீஸை நிறுத்திவிட்டால் ஆச்சு! ஆனால் போர்ட்டல் சிரைக்குள் மருந்தை எப்படி நுழைப்பது? அதற்கு அவர் கண்டுபிடித்த வாசல் இருக்கிறதே, அதுதான் அழகு: தொப்புள் சிரை. தாயின் வயிற்றில் நமக்குச் சோறு போட்ட குழாய். பிறந்ததும் மூடிச் சுருங்கி வெறும் நாராகிவிடும். அதைத் தேடிப் பிடித்து, மெல்ல விரித்து, நுண்குழாயைச் செருகி, அறுவை முடிந்ததும் ஏழு நாள், தினமும் 1 கிராம் ஃபுளோரோயுராசில் என்ற புற்று மருந்து, கூடவே ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின்.

பலித்தது. 1985இல் 244 நோயாளிகளின் கணக்கு வந்தது. கல்லீரல் பரவல் நன்றாகவே குறைந்திருந்தது. அப்புறம் என்ன, அட்லாண்டிக்கின் இரு கரையிலும் சர்ஜன்கள் போர்ட்டல் சிரைக்குக் குழாய் போடக் கிளம்பிவிட்டார்கள்.

1990இல் அமெரிக்கப் பரிசோதனை ஒன்று 1,158 பேரைப் பார்த்துவிட்டு வினோதமான தகவலோடு வந்தது. மருந்து பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. கல்லீரலில் மட்டும் குறையவில்லை! கல்லீரலுக்கென்று விலாசம் எழுதிய மருந்து, அங்கிருந்து கசிந்து உடம்பெங்கும் சுற்றி, சொல்லாத வேலையைச் செய்திருக்கிறது. 1998இல் ஐரோப்பாவில் 1,235 பேரின் கணக்கு. அங்கே நோய் திரும்புவதுகூடக் குறையவில்லை.

தொப்புள்காரர்களின் வயிற்றெரிச்சலை நினைத்துப் பாருங்கள். அதே 1990இல் சார்ல்ஸ் மோர்ட்டல் குழு, அதே ஃபுளோரோயுராசிலைச் சாதாரணமாகக் கைநரம்பில் ஒரு வருஷம் ஏற்றி, கூடவே லெவமிசோல் கொடுத்து, நிணநீர்க் கணுவரை பரவிய குடல்புற்றில் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டது. லெவமிசோல் யாரென்றால், ஆட்டுக்குப் பூச்சி மருந்து. (பின்னால் அதையும் கழற்றிவிட்டு லூகோவோரினைச் சேர்த்துக்கொண்டார்கள்.)

புற்று இன்னொரு தந்திரமும் வைத்திருந்தது. கல்லீரலுக்கு வருகிற ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு போர்ட்டல் சிரையிலிருந்துதான். ஆனால் கட்டி வளர்ந்ததும் தன் சாப்பாட்டைக் கல்லீரல் தமனிக்கு மாற்றிக்கொள்ளும். இது 1954லேயே தெரியும். ஆகவே நியூயார்க்கில் நான்சி கெமனி தமனிப் பக்கம் போனார். கல்லீரல் கட்டிகளை வெட்டி எடுத்த 156 பேரில் ஒரு பகுதியினருக்கு, வழக்கமான மருந்தோடு, வயிற்றுத் தோலுக்கடியில் பம்ப் வைத்துத் தமனியிலும் மருந்து. 1999இல் முடிவு: இரண்டாண்டு தாண்டியவர்கள் 86 சதவீதம், பம்ப் இல்லாதவர்களில் 72. பித்தக் குழாய்கள் சிலருக்குப் புண்ணானது தனிக் கதை.

அந்த மாதிரிப் பம்ப்களில் பழைய ரகத்துக்குப் பேட்டரியே கிடையாது. உள்ளே அடைத்த வாயு உடம்புச் சூட்டில் விரிந்து மருந்தைத் தள்ளும். நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிவிடும்.