குதிரையை வண்டிக்குப் பின்னால கட்டுன கதை

என்னலே பேராண்டி, செவுத்துல ஒட்டி வச்சிருக்கியே மஞ்சக் காரு, அதை வாங்கத்தான் காட்டை விலை பேசுதியாமே? நல்லா பேசுலே. தாத்தன் குறுக்க வரமாட்டேன். அதைச் செஞ்சவன் கதையை மட்டும் கேட்டுட்டுப் போ.

ஃபெருச்சியோ லம்போர்கினி நம்மளப் போல சம்சாரி வீட்டுப் பிள்ளை. 1916ல இத்தாலியில பொறந்தவன். ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சதும் ராணுவம் கழிச்சுப் போட்ட சாமானைப் பொறுக்கி டிராக்டர் கட்டுனான். 1948ல கம்பெனியே வச்சான். துட்டு சேந்ததும் ஃபெராரி காரு வாங்குனான். அதுல கிளட்சு அடிக்கடி மக்கர். பிரிச்சுப் பாத்தா, இவன் டிராக்டர்ல மாட்டுத அதே கிளட்சாம்! நேரா அந்தக் கம்பெனி முதலாளி என்ஸோ ஃபெராரிகிட்டப் போய்ச் சொன்னதுக்கு, "டிராக்டர் ஓட்டுதவனுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்"ங்குற மாதிரி பதில் வந்துச்சாம். இவன் சொன்னதுதான், ரெண்டு பணக்காரன் பேசிக்கிட்டதுக்கு சாட்சிக்கு நானா போயிருந்தேன்? கோவம் வந்தா நீ ரெண்டு நாள் சோறு உங்காமக் கெடப்பே. அவன் 1963ல சாந்தாகத்தாவுல காரு ஃபேக்டரி கட்டிட்டான்.

என்ஸோவும் லேசுப்பட்ட ஆளில்ல. குதிரை வண்டியை இழுக்கணும், தள்ளக்கூடாதும்பாரு. இஞ்சின் முன்னாலதான் இருக்கணுமாம். இங்கிலாந்துல கூப்பர்னு ஒரு சின்னப் பட்டறைக்காரன் இஞ்சினைப் பின்னால வச்சு 1959ல உலகப் பந்தயத்தையே தட்டிட்டுப் போனான். 1961ல பெரியவர் என்ஸோவும் சத்தமில்லாம பந்தயக் காருல குதிரையைப் பின்னால கட்டி ஜெயிச்சுட்டாரு. ஊரு ரோட்டுல ஓடுத பெரிய காருக்கு மட்டும் பழைய பிடிவாதம்.

லம்போர்கினிகிட்ட தல்லாரா, ஸ்தான்சானின்னு இளந்தாரிப் பயலுவ. வேலை நேரம் போக மிச்ச நேரத்துல, பன்னெண்டு சிலிண்டர் இஞ்சினை டிரைவர் முதுகுக்குப் பின்னால குறுக்குவாட்டுல படுக்கப் போட்டானுவ. 1965ல தூரின் கண்காட்சியில வெறும் எலும்புக்கூட்டைத்தான் வச்சாங்க. மேல தகரமே இல்லாத காருக்கு ஆர்டர் குடுத்தவனும் இருந்திருக்கான், உன்னைப் போல. அடுத்த வருசம் ஜெனீவாவுல அந்தக் காரு மியூராங்குற பேருல வந்துச்சு. மொத்த உசரமே 105 சென்டிமீட்டர். உன் தொப்பையோட உள்ள போயிருவே, வெளிய வரத்தான் ரெண்டு ஆளு வேணும். பெட்ரோல் டாங்கு முன்னால இருக்கதால எண்ணெய் குறையக் குறைய, வேகத்துல மூக்கு லேசாத் தூக்கும். இஞ்சின் பிடரிக்குப் பின்னால நின்னு கத்தும். அது உனக்குத் தொந்தரவா இருக்காதுலே. மடையைத் திருப்பச் சொல்லி நான் கத்துதது என்னைக்கு உன் காதுல விழுந்திருக்கு?

பெரியவர் கம்பெனியும் 1973ல பன்னெண்டு சிலிண்டரைப் பின்னால வச்சு விக்க ஆரம்பிச்சுது. அவரு கண்ணை மூடுன பெறகு, 1996ல அதே கம்பெனி மறுபடி இஞ்சினை முன்னால கொண்டாந்துச்சு. படிச்சவனுவளே எங்க வைக்கதுன்னு தெரியாம மாத்தி மாத்தி வச்சிருக்கானுவ!

நம்ம சம்சாரி என்ன ஆனாங்கே? 1970கள்ல டிராக்டர் கம்பெனி, காரு கம்பெனி ரெண்டையும் கைகழுவிட்டு, உம்ப்ரியாவுல ஏரிக்கரையோரம் காட்டுல போய் உக்காந்து திராச்சை வளத்தான். காரைச் செஞ்சவன் காரை விட்டுட்டுக் காட்டுக்குப் போனான். நீ காட்டை வித்துக் காரு வாங்குத. ரெண்டு பேர்ல எவன் வெவரம்னு நான் எதுக்குச் சொல்லணும்?

ஆசையை அடக்க முடியலைன்னா ஒரு வழி இருக்கு. லம்போர்கினி பேருல டிராக்டர் இன்னும் வருது. பேங்குல லோன் கேட்டாலும் மேனேஜர் சிரிக்க மாட்டாரு. பானட்டுல அதே பேரு எழுதியிருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுச் சாஞ்சு நின்னு போட்டோ பிடி, பின் சக்கரம் மட்டும் தெரியாமப் பாத்துக்க.