20 சென் புரட்சி

செரண்டாவில் ஒரு பாட்டி கடைக்குப் போய் ரொட்டியும் பால்டின்னும் வாங்கிவிட்டுக் கையில் பையில்லாமல் நின்றால், அவள்தான் பூமியின் எதிரி. 2017 முதல் சிலாங்கூர் முழுக்க நெகிழிப்பை ஒன்றுக்கு 20 சென். எடு காசை! அந்தக் காசு யாருடைய பைக்குள் விழுந்து எந்தப் பனிமலையை உருகாமல் தடுத்தது என்று அவள் கேட்பதில்லை. நாகரிகம் தெரிந்தவள்.

கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு. இந்த மாநிலத்தில் 2010 முதல் 25 ஆண்டுகளுக்கு வனக்காப்பகங்களில் மரம் வெட்டத் தடை. மெச்சத்தக்க தடைதான். ஆனால், 'இது காடே இல்லை' என்று தாளில் எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. 2020 பிப்ரவரியில் அப்படியோர் அறிவிப்பு வந்தது: கோல லங்காட் வடக்கு வனக்காப்பகத்தின் 957 ஹெக்டரில் 930 ஹெக்டரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமாம். கரிமத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்கடியில் பூட்டிவைத்திருக்கும் சதுப்புக்காடு அது. நீரை வடித்துவிட்டால் தீப்பிடித்துப் புகையாய்க் கிளம்பும். தெமுவான் பூர்வக்குடியினர் எதிர்த்தார்கள். சட்டமன்றமே கட்சி பாராமல் எதிர்த்தது. ஆட்சிக்குழுவோ 2021 மே மாதத்தில் 536 ஹெக்டருக்குச் சத்தமில்லாமல் தலையாட்டியது. ஆகஸ்டில் குட்டு உடைந்தது, செப்டம்பரில் முடிவு ரத்தானது. கழுத்தில் வைத்த கத்தியை எடுத்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

புக்கிட் செராக்காவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. 406 ஹெக்டர் இனி வனக்காப்பகம் அல்ல என்று 2022 மே மாதம் அரசிதழில் வந்தது. எப்போதிலிருந்து? 2000 நவம்பர் 20 முதல்! இருபத்தோர் ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மரங்கள் தங்களைக் காடு என்று நம்பி நின்றிருக்கின்றன. உரிமை இல்லாமல் நிழல் கொடுத்திருக்கின்றன, அனுமதி இல்லாமல் கரியமில வாயுவை உறிஞ்சியிருக்கின்றன. பறவைகளுக்கும் அத்துமீறிக் குடியிருந்ததாக நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம். பொது விசாரணை மட்டும் நடக்கவில்லை. பாட்டியின் 20 சென்னை அன்றன்றைக்கே வசூலிக்கச் சொல்கிற அரசுக்குக் காட்டின் கணக்கில் மட்டும் காலம் பின்னோக்கி ஓடுகிறது.

பல்கலைக்கழகங்கள் சும்மா இருக்குமா? இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-இல் தொடங்கிய பசுமைத் தரவரிசை ஒன்று இருக்கிறது. வளாகங்கள் தாங்களே விவரம் நிரப்பி அனுப்பும். எத்தனை மரம், எத்தனை மிதிவண்டி, எத்தனை கருத்தரங்கு! தோட்டத்து லாயத்தில் தகரக் கூரைக்கடியில் மதியம் இரண்டு மணிக்கு எத்தனை பாகை சூடு என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இருந்தால் எனக்கும் காட்டுங்கள். அதை அளக்க ஒரு வெப்பமானியும் ஒரு மதியப்பொழுதும் போதும். ஆனால் அதற்கு மானியம் கிடைக்காது, மேடை கிடைக்காது, மாலையும் கிடைக்காது.

கோலாலம்பூர் 2050-க்குள் கரிமச் சமநிலை அடையப்போகிறது. திட்டம் வழவழப்பான தாளில் தயார். நகரின் குப்பை மட்டும் 2005 முதல் வடக்கே, நம் உலு சிலாங்கூர் பக்கம், புக்கிட் தாகாருக்கு வருகிறது. குப்பைக்கு 700 ஏக்கர். அதிலிருந்து வரும் மீத்தேனில் மின்சாரம் எடுக்கிறார்கள். நல்லது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் புக்கிட் தாகார், மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் ஆளுக்கொரு வீடு கேட்டுப் பல்லாண்டுகளாக அலுவலகப் படியேறினார்கள். பால் வெட்டிய கைகளுக்கு இல்லாத நிலம் தலைநகரத்துக் குப்பைக்கு எப்படிக் கிடைத்தது?

நகராண்மைக் கழக உறுப்பினரைக் கேட்கலாமென்றால், அவரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. ஊராட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்தினார்கள், 1976-இல் சட்டம் போட்டே ஒழித்தார்கள். அவரை நியமித்தது கட்சி, அவர் பதில் சொல்வதும் கட்சிக்கு. நமக்கு அவர் தருவது மரக்கன்று நடுவிழாப் படம்.

2022 டிசம்பர் 16, விடியும் முன் பத்தாங்காலியில் மலைச்சரிவு இடிந்து முகாமிட்டிருந்தவர்கள் மேல் விழுந்தது. 31 பேர் மாண்டார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. முகாம் நடத்த உரிமமே இல்லை என்பது பிணங்களைத் தோண்டும்போதுதான் மேலிடத்துக்கு நினைவு வந்தது. சாலையோரத்தில் பெட்டிக்கடை போட்ட மறுநாளே லாரியோடு வந்து நிற்கும் அமலாக்கப் பிரிவுக்கு, மலையடிவாரத்துக் கூடாரங்கள் கண்ணில் படவில்லை. மறு ஆண்டு வந்த அரசு அறிக்கை, தொடர்மழையே முதன்மைக் காரணம் என்றது. மழையைக் கூண்டில் ஏற்ற முடியாது, பதவி விலகவும் சொல்ல முடியாது. குற்றவாளியாக்க அதைவிட வசதியான ஆள் உலு சிலாங்கூரில் யார் இருக்கிறார்கள்?