அத்தானின் சமத்துவக் கடல்

என் அக்கா வீட்டுக்காரர் எதிலும் பொருத்தம் பார்த்துத்தான் காலெடுத்து வைப்பார். போன வருடம் அவர் மகளுக்கு நல்ல வரன் ஒன்று வந்தது. பையனுக்கு வங்கி வேலை, சொந்த வீடு, பிக்கல் பிடுங்கல் இல்லாத குடும்பம். ஜாதகத்தை விரித்தால் பெண் மகம், பையன் ஆயில்யம். யோனிப் பொருத்தத்தில் மகம் எலி, ஆயில்யம் பூனை. “எலியையும் பூனையையும் ஒரே வீட்டுல வச்சுக் குடித்தனம் பண்ணச் சொல்றீங்களா?” என்று கேட்டு, காப்பி ஆறுவதற்குள் தரகரை அனுப்பிவைத்தார் அத்தான்.

இரண்டு மாதம் கழித்து, அதே கூடத்தில், மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பி, கோமாளி மீனையும் அதை முழுசாக விழுங்கக்கூடிய சிங்க மீனையும் ஒன்றாகக் குடிவைத்தார். இதில் ஏதோ முரண் இருப்பதாக உறவில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அத்தானைத் தெரியாது. மீனுக்கு நட்சத்திரம் தெரிந்திருந்தால் பார்க்காமலா விட்டிருப்பார்?

தவிர, மீன் விஷயத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. தூத்துக்குடிக்காரர். மன்னார் வளைகுடாவின் வாசலில் பிறந்தவர். சீலாவோ விளைமீனோ, செவுளைத் தூக்கிப் பார்த்தே நேற்றுப் பட்டதா இன்று பட்டதா என்று சொல்லிவிடுவார். குழம்புச் சட்டிக்குள் மீனும் மீனும் சண்டை போட்டு அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆகவே மீன்குலம் முழுவதும் இயல்பிலேயே ஒற்றுமையானது என்பது அவருடைய அனுபவத்தில் கண்ட உண்மை.

புதுத் தொட்டியில் தண்ணீர் விட்டால் நான்கிலிருந்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்று பயந்தாங்கொள்ளிகள் சொல்வார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் பெருக அவ்வளவு நாள் பிடிக்குமாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகக் கண்ணுக்குத் தெரியும் மீனைக் காக்கவைப்பது அத்தானுக்கு ஆகாது. புதன்கிழமை தண்ணீர், வெள்ளிக்கிழமை மீன். வளர்பிறை வேறு.

அம்மோனியா பார்க்கும் சோதனைப் பெட்டியும் உப்பு பார்க்கும் மானியும் வாங்காமல் இல்லை. அவை ஷோகேஸில் பளபளவென்று, மேல் உறைகூடக் கிழியாமல், அவ்வை பார்த்து வியந்த தொண்டைமானின் வேல்களைப் போல வீற்றிருக்கின்றன. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். சென்னை வெயிலில் தொட்டி நீர் வாரத்துக்கு இரண்டு விரற்கடை இறங்கும். இறங்கும்போதெல்லாம் அத்தான் மறுபடியும் உப்புக் கரைத்த தண்ணீரையே ஊற்றுவார். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும், நல்ல தண்ணீர் விட்டால் போதும் என்று ஓர் உப்பளத்து ஊர்க்காரரிடம் போய் யார் சொல்வது?

அவருக்கு வாய்த்த கடைக்காரத் தம்பியும் லேசுப்பட்டவர் அல்ல. எந்த மீனைக் காட்டி எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “எல்லாம் ஒத்துப்போகும் சார்.” இப்படி ஒரு நல்லெண்ணம் கொண்டவரை ஐக்கிய நாடுகள் சபை இன்னும் கண்டுகொள்ளாமல் இருப்பது நம் துரதிர்ஷ்டம்.

முதலில் வந்தவை நான்கு டாம்சல்கள். சுண்டுவிரல் நீளம், மலிவு, அம்மோனியாவுக்கும் அசையாத கட்டை. சாதுவான மீன்களை முன்னால் விட்டு, சண்டைக்காரர்களைக் கடைசியில் விட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழகியவர்களின் வழக்கம். அத்தான் அப்படி ஓரவஞ்சனை செய்யவில்லை. டாம்சல்கள் மூன்றே நாளில் ஆளுக்கொரு கல்லைப் பட்டா போட்டுக்கொண்டன. அடுத்து பச்சைக் குரோமிஸ் ஐந்து வந்தன. கூட்டமாக மேய வேண்டிய அந்தச் சாது மீன்கள் ஹீட்டர் மூலையில் கும்பலாக நின்றன. “எவ்வளவு ஒற்றுமை பாருங்க” என்றார் அத்தான். ஒற்றுமைதான். பேருந்தில் ரவுடி ஏறினால் பயணிகள் பின்சீட்டில் ஒற்றுமையாவது போல.

பிறகு கோமாளி மீன். இதில் ஒரு தகப்பனின் வாக்கு இருக்கிறது. 2003இல் ‘ஃபைண்டிங் நீமோ’ வந்தபோது மகளுக்கு நாலு வயது. நீமோ வாங்கித் தருகிறேன் என்று அன்று சொன்னதை, அவள் கல்யாண வயதுக்கு வந்த பிறகு நிறைவேற்றினார். கடையில் ஜோடி காட்டினார்கள். ஒன்று பெரிசு, ஒன்று பொடிசு. பொடிசின் மனம் நோகாதா? ஒரே அளவில், இரண்டும் கட்டை விரலைவிடப் பெரிதாகப் பார்த்துப் பொறுக்கினார்.

கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது எதுவோ அது பெண்ணாக மாறும், அடுத்தது அதற்குக் கணவனாக இருக்கும், மற்றவை காத்திருக்கும். பெண்ணாகிவிட்டால் திரும்பி ஆணாக வழியில்லை. அதனால்தான் விவரமறிந்தவர்கள் பெரிதோடு பொடிசைச் சேர்ப்பார்கள். பொடிசு உடம்பை நடுக்கிப் பணிவு காட்டிவிட்டு அடங்கிவிடும். அத்தான் வாங்கியவை இரண்டுமே ஏற்கெனவே பெண்கள். ஒரே குடும்ப அட்டையில் இரண்டு குடும்பத் தலைவிகள். ஒன்றின் வாயை ஒன்று கவ்விக்கொண்டு சுழன்றதை நானே பார்த்தேன். வால் துடுப்பு கிழிந்து பட்டாசுத் திரி போல் தொங்கியது. “கொஞ்சுதுங்க” என்றார் அத்தான், செல்போனில் படம் எடுத்தபடி.

பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் ஆராய்ச்சி நிலையங்களில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். அப்படித் தொட்டியிலேயே பிறந்த ஜோடி, கூட ஒரு கோபி, அதன் பொந்தைத் தோண்டும் இறால் என்று கொஞ்ச உயிர்களோடு நிறுத்திக்கொள்கிற சிறுமனதுக்காரர்களும் உண்டு. அந்த இறாலுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. அது மண்ணைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வாசலில் கோபி காவல் நிற்கும், இறாலின் மீசை ஒன்று எப்போதும் கோபியின் உடம்பைத் தொட்டபடி இருக்கும். இதை உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்க்கலாம். ஆனால் அதில் பிரம்மாண்டம் இல்லையே.

பிரம்மாண்டத்துக்காகத்தான் சிங்க மீன் வந்தது. கோயில் சாமரம் போல் விரிந்த துடுப்புகள், செங்கல் நிறப் பட்டைகள், முதுகில் 13 நச்சு முட்கள். யாரையும் துரத்தாது, யாரோடும் மல்லுக்கட்டாது. அந்தத் தொட்டியிலேயே பண்பானவர் அவர்தான். துடுப்புகளை அகல விரித்து, சின்ன மீனைப் பையப்பைய மூலைக்கு ஒதுக்கி, கண் இமைக்கும் நேரத்தில் வாயைத் திறந்து மூடுவார். ரத்தம் கிடையாது, சத்தம் கிடையாது. தன் வாய்க்குள் நுழையும் அளவுள்ள எதுவும் அவருக்கு உணவு, நுழையாததெல்லாம் நண்பர்.

மறுநாள் காலையில் அக்கா எண்ணினாள். “என்னங்க, நேத்து பச்சை அஞ்சு இருந்துச்சு. இன்னிக்கு மூணுதான் இருக்கு.”

“கல்லுக்குள்ள தூங்கும். நீ எண்ணிக்கிட்டே இருந்தா கண்ணுபடும்.”

சிங்க மீன் அப்போது பாறைக்கடியில் வயிறு புடைக்க நின்றுகொண்டிருந்தது. வாயோரத்தில் பச்சையாக ஒரு வால் நுனி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாரத்திலேயே பச்சை தீர்ந்தது. அடுத்த வாரம், சண்டையில் தோற்று மேல்மட்டத்திலேயே மிதந்துகொண்டிருந்த கோமாளியும் தூங்கப் போனது. பேகன் மயிலுக்குப் போர்வைதான் கொடுத்தான். அத்தான் சிங்க மீனுக்கு ஒரு குடும்பத்தையே கொடுத்தார்.

இந்த வள்ளல் மரபு அத்தானோடு நிற்பதுமில்லை. சிங்க மீன் இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் சொந்தம். அது 1985இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் தென்பட்டது. அங்கே தொட்டியில் வளர்த்துச் சலித்தவர்கள் கடலில் விட்டதுதான் காரணம் என்கிறார்கள். இன்று கரீபியன் கடல் முழுக்கப் பரவி அங்குள்ள குஞ்சு மீன்களைத் தின்று தீர்க்கிறது. கடலையே ஒரு தொட்டியாகப் பார்க்கும் விரிந்த மனம் எங்கும் இருக்கிறது.

அடுத்து இரண்டு நீல டாங். படத்தில் டோரியாக வருமே, அதுதான். முழு வளர்ச்சியில் ஓரடி நீளம். நாள் முழுக்க நீந்தும் மீன். 190 லிட்டர் தொட்டியில் அதற்கு நாலு பாய்ச்சலுக்கு ஒரு கண்ணாடி வரும். “தனியாப் போரடிக்கும்” என்று அத்தான் இன்னொன்றையும் வாங்கினார். வாலடியில் இருபுறமும் பேனாக்கத்தி போல் விரியும் முள் இவற்றுக்கு உண்டு. போரடிக்கவில்லை.

மாண்டரின் மீனை மட்டும் மறக்க முடியாது. காஞ்சிப் பட்டில் நெய்தது போல் ஒரு மீன். கல்லில் ஊரும் நுண்ணிய கோப்பிபாடுகளை உயிரோடு கொத்தித் தின்றே பழகியது. பல மாதம் முதிர்ந்த தொட்டியில்தான் அதற்குப் போதுமான இரை இருக்கும். உருண்டைத் தீவனத்தைப் பெரும்பாலும் ஏறிட்டும் பார்க்காது. அத்தான் வேளை தவறாமல் போட்டார். அது ஏகாதசி விரதம் காத்தது. மூன்றாம் வாரம் தலைக்குப் பின்னால் குழி விழுந்து, வயிறு உள்ளே ஒட்டி, நிறம் மட்டும் அப்படியே இருந்தது. கடைசிவரை எந்தப் புகாரும் சொல்லாத மீன்.

டாங்குகளின் உடம்பில் ரவை தூவியது போல் வெண்புள்ளி வந்தபோதுதான் அத்தானின் பொதுநல உணர்வு முழுசாக வெளிப்பட்டது. புதுமீனைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்கும் தீண்டாமையை அவர் முன்பே ஒழித்துவிட்டிருந்தார். இப்போது நோயாளியை மட்டும் பிரித்து மருந்து கொடுக்கவும் மனம் வரவில்லை. செம்பு கலந்த மருந்தைப் பெரிய தொட்டியிலேயே ஊற்றினார். செம்பு இறாலுக்கும் சிப்பி, நத்தைகளுக்கும் எமன். தொட்டியில் மகள் விட்டிருந்த இரண்டு இறால்கள் அன்றிரவே படுத்தன.

அடுத்து டிரிகர் வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, அதாவது அத்தானின் அம்மா, கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். “ஏய்யா, இது கிளாத்தி இனம்லா? இது பல்லு சிப்பியவே ஒடைக்குமே. இத ஏன் வீட்டுக்குள்ள கொண்டாந்து விட்டுருக்க?” மீன்காரியிடம் பேரம் பேசியே எண்பது வயதைத் தொட்டவர். படிப்பு மூன்றாம் வகுப்பு. “அம்மா, இது இம்போர்ட்டட்” என்று அத்தான் விளக்கினார்.

தொட்டிக்கு அழகாகப் பவளப்பாறையும் ஒரு கடற்குதிரையும் கேட்டு ஊரில் சித்தப்பா மகனுக்கு போன் போனது. இரண்டும் 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இலேயே சேர்ந்துவிட்டன, எடுத்தால் உள்ளே போக வேண்டும் என்று அவர் வைத்துவிட்டார். சொந்தத்தில் உதவும் குணம் குறைந்துவருகிறது.

மனம் தளராத அத்தான் கடைசியாக ஒரு கௌஃபிஷ் வாங்கினார். மஞ்சள் நிறம், பெட்டி உடம்பு, நெற்றியில் குட்டிக் கொம்புகள். யாரையும் தொந்தரவு செய்யாத ஜீவன். பயந்தாலோ செத்தாலோ மட்டும் தோலிலிருந்து நஞ்சை நீரில் கலந்துவிடும். கிளாத்தி அதை முதல் நாளிலேயே கடிக்கத் தொடங்கியது.

காலையில் அக்கா எண்ண வேண்டிய வேலை இருக்கவில்லை. டாம்சல், டாங், கிளாத்தி, கொம்பன், மிஞ்சிய கோமாளி என எல்லாம் ஒரே மட்டத்தில், ஒரே பக்கமாகச் சாய்ந்து மிதந்தன. சிங்க மீன் மட்டும் கல்லில் சிக்கி நின்றது, சாமரம் விரித்தபடி. ஒன்றரை மாதமாக அத்தான் கனவு கண்ட சமத்துவம் அன்றைக்குத்தான் வந்தது.

அவர் உடைந்துபோகவில்லை. இடம் போதாததுதான் குறை என்று கண்டுபிடித்து ஐந்தடித் தொட்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். குட்டி அஞ்சாளையும் களவாவும் ஒத்துப்போகும் என்று கடைத் தம்பி உறுதி சொல்லியிருக்கிறார். மகளுக்கு வேறு வரன் இன்னும் அமையவில்லை.

பழைய மூன்றடித் தொட்டி விலைக்கு இருக்கிறது. வாங்குகிறவர்களுக்குச் சோதனைப் பெட்டி இலவசம். பிரிக்கவே இல்லை, காலாவதித் தேதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.