கட்டுச்சோறு அவிழுமிடம்: பெங்களூருத் தமிழர் பயணங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பெங்களூரிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஒரு கோயிலோ ஒரு மலையோ ஒரு காடோ எதிரே வந்து நிற்கும். வடக்கே நந்திமலை, கிழக்கே திருப்பதி, தென்கிழக்கே ஏலகிரியும் திருவண்ணாமலையும், தெற்கே பிலிகிரிரங்கன் மலை, தென்மேற்கே மைசூரு, அதையும் தாண்டினால் பந்திப்பூர், முதுமலை, ஊட்டி. மேற்கே தர்மஸ்தலா, குக்கே, ஹொரநாடு. இந்த ஊர்களைப் பற்றி எழுதாதவர் இல்லை. தல வரலாறு எழுதியாயிற்று, மலையின் உயரம் அளந்தாயிற்று, கொண்டை ஊசி வளைவுகளை எண்ணியாயிற்று, புலிகளைக்கூடத் தலை எண்ணியாயிற்று. ஆனால் டெம்போ டிராவலரின் கடைசி சீட்டுக்கு அடியில், நீட்டிய காலில் இடித்துக்கொண்டே வரும் அந்த வயர்கூடையைப் பற்றி அறிவுலகம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அதற்குள் இருக்கும் கட்டுச்சோறு எங்கே, எப்போது, யாருடைய ஆணையின் பேரில் அவிழ்க்கப்படுகிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

ஆய்வெல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் தலைமுறைகளாக இருந்துவரும் தமிழ்க் குடும்பங்களும், கம்ப்யூட்டர் வேலைக்கென வந்து ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் குடியேறியவர்களும் இதில் அடங்குவர். 'போற இடத்துல பாத்துக்கலாம்' என்று கைவீசிக் கிளம்பும் இளைஞர் கூட்டம் விலக்கப்பட்டது. அவர்களிடம் ஆராய எதுவுமில்லை. ஆய்வுமுறை மூன்று: உடன் செல்லுதல், உடன் உண்ணுதல், வாய் திறக்காமல் கவனித்தல். பின்னிரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவராதவை என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

முன்னோர் இத்துறையில் என்ன சொல்லியிருக்கிறார்கள்? பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. சரிபாதி நூல்கள் வழிகாட்டிப் புத்தகங்களாக அமைந்த வேறொரு தொகுப்பை நான் கண்டதில்லை. திருமுருகாற்றுப்படை முருகன் தலங்களுக்கு வழி சொல்கிறது. பெரும்பாணாற்றுப்படையோ எந்த நிலத்தில் எந்தக் குடியார் என்ன சோறு போடுவார்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போகிறது. வழியெல்லாம் இலை போட ஆள் இருந்தால் பாணன் எதற்குச் சோறு கட்டப்போகிறான்?

கட்டுச்சோறு தன் முழு மதிப்போடு வருவது பெரியபுராணத்தில். திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து போகும் அப்பர் வழியில் பசியால் தளர்கிறார். சிவபெருமான் ஒரு சோலையும் குளமும் உண்டாக்கி, அந்தணர் வேடத்தில் பொதிசோற்றோடு காத்திருந்து கொடுக்கிறார். திருக்குருகாவூர் வழியில் சுந்தரருக்கும் இதே உபசாரம் நடந்தது. பக்தி நூலறிஞர்கள் இதில் அருளைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது வரிசையை. நிழல் முதலில், தண்ணீர் அடுத்து, சோறு கடைசியில். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கோயிலில் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. வழியிலேயே கொடுத்துவிட்டார். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

இனி ஆய்வுப்பொருளின் இயல்பு. பயணத்துக்கு முந்தைய இரவே புளிக்காய்ச்சல் தயாராகிவிடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்குச் சோறு வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, ஃபேனுக்கு அடியில் வைத்து ஆற்றுகிறார்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் போகும். வியர்த்த சோறு ஓசூரைத் தாண்டாது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கிருமிகளை அண்டவிடாது. நல்லெண்ணெயிலுள்ள சத்துகள் அதைச் சிக்குப் பிடிக்காமல் காக்கும். பெருங்காயமும் வெந்தயமும் தங்கள் பங்குக்கு. இத்தனையும் தெரிந்து செய்கிறார்களா என்றால், எங்கள் வீட்டுக் கட்டுச்சோற்றுக்குப் பொறுப்பான பெரியம்மாவிடம் டார்டாரிக் அமிலம் என்று சொன்னேன். "அதெல்லாம் நான் போடறதில்லப்பா" என்றார்.

இட்லிக்கு இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் அடுக்குவது இரண்டாம் நிலை. தேங்காய்ச் சட்னிக்குப் பயணத்தில் இடமில்லை. மதியத்துக்குள் காலை வாரிவிடும் சாதி அது. இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது தயிர்சாதம். அதில் தயிர் கிடையாது. குழைய வடித்த சோற்றில் பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிரை உறைக்காக விட்டு மூடுகிறார்கள். வண்டி சில்க் போர்டு நெரிசலில் நிற்க நிற்க, அடுக்குக்குள் அது பாட்டுக்கு உறைந்துகொண்டு வரும். திறக்கும் நேரத்தில் புளிக்காத புதுத் தயிர்சாதம். எத்தனை மணி நேரப் பயணம், வெயில் எவ்வளவு, வண்டி ஏசியா இல்லையா என்று கணக்குப் போட்டு உறையின் அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். பெங்களூருப் போக்குவரத்தைக் கணிக்கத் தெரிந்த ஒரே அறிவியல் இதுதான் என்பேன்.

புளியோதரை யாருடையது என்ற வழக்கைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும். இராமானுசர் பல்லாண்டுகள் தங்கிய மேல்கோட்டையின் ஐயங்கார் புளியோகரே கர்நாடகம் முழுக்கப் பெயர் பெற்றது. அங்கே கொப்பரையும் எள்ளும் வெல்லமும் சேரும். நம் பக்கத்தில் வெல்லம் சேர்ப்பார்கள், ஆனால் சேர்த்ததை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூன்று தலைமுறை அல்சூரில் இருந்த குடும்பத்தில் இரண்டு முறையும் கலந்து, 'எங்க வீட்டுப் பக்குவம்' என்ற பெயரில் நடமாடுகிறது. காவிரி வழக்கைப் போல இதை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோக எவரும் முன்வரவில்லை, நல்லவேளை.

முதற்களம், புண்ணியத் தலங்கள். இங்கே கட்டுச்சோறு அவிழ்வதே இல்லை. தர்மஸ்தலாவில் சாமி மஞ்சுநாதர், பூசை செய்வோர் வைணவர், நிர்வாகம் சமணக் குடும்பம். இந்த மூன்றும் ஒத்துப்போகிற ஒரு விஷயம் வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுவது. ஹொரநாட்டில் அம்மனின் பெயரே அன்னபூர்ணேஸ்வரி. குக்கேயிலும் சாப்பாடு உண்டு. திருமலையில் அன்னதானத் திட்டம் 1985இலேயே தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டுக் கோயில்களிலும் 2002 முதல் திட்டம் நடக்கிறது. பந்தியில் உட்கார்ந்தபின் கூடையின் நினைப்பு வராமல் இருக்குமா? வரும். ஆனால் பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "சாமி வீட்டுச் சாப்பாட்டை வேண்டாங்கக் கூடாது. நம்ம சோறு எங்க ஓடிடப்போகுது?" இந்த இரண்டாவது வாக்கியத்தை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் களம், மலைகள். நந்திமலை 1,478 மீட்டர். விடியலில் மேகத்தைப் பார்க்கப் பெங்களூரே அங்கே ஏறியிருக்கும். ஆனால் அந்த மலையின் உண்மையான நிர்வாகம் குரங்குகளிடம் இருக்கிறது. சாமுண்டி மலையிலும் அதே கதைதான். கூடையில் ஜிப் போட்ட பை இருந்தால், ஜிப்பைத் திறக்கத் தெரிந்த குரங்கும் அங்கே இருக்கும். இதை வெறும் அனுபவமாகத் தள்ளிவிட வேண்டாம். பெங்களூரிலுள்ள நியாஸ் ஆய்வு நிறுவனத்தார் பந்திப்பூரின் நாட்டுக்குரங்குகளைக் கவனித்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனிதர் கையில் தின்பண்டத்தைக் கண்டால் அவை ஒரு தனிக்குரல் எழுப்பி, கையை நீட்டிக் கேட்கின்றன. நாம் பார்க்கிறோமா என்று கவனித்துக் கேட்கின்றன. தங்களுக்குள் அப்படிக் கேட்டுக்கொள்வது வழக்கமில்லை என்கிறார்கள். அதாவது நம்மிடம் பேசுவதற்கென்றே ஒரு மொழியை ஏற்படுத்திக்கொண்டிருக்கின்றன. நான் இங்கே போலியாகச் செய்துகொண்டிருப்பதை அவர்கள் மெய்யாகவே செய்து, உலக ஆய்விதழில் அச்சேற்றியும் விட்டார்கள். எனக்குப் பொறாமைதான். இருந்தும் ஒரு குறை சொல்லவேண்டும்: கையில் புளியோதரை இருந்தபோது குரல் மாறியதா என்று அவர்கள் பார்க்கவில்லை.

ஊட்டிக்கு வேறு சிக்கல். 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி நீலகிரிக்குள் ஏற முடியாது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவு. கக்கநல்லா சோதனைச்சாவடியில் பாஸைக் காட்டியபின் பிளாஸ்டிக் தேடுவார்கள். தண்ணீர் பாட்டில் பிடிபடும், சிப்ஸ் பொட்டலம் பிடிபடும், பேரன் சட்டைப்பையில் வைத்திருந்த சாக்லேட் உறைகூடப் பிடிபடும். வாழையிலை மட்டும் தலை நிமிர்ந்து போகும். அந்தக் கணத்தில் பெரியம்மாவின் முகத்தில் ஓடிய களையை விவரிக்க ஆய்வு நடை போதாது. ஆனால் மேலே போய்ச் சேர்ந்தால் குளிர். குளிரில் தயிர்சாதத்தைத் தொடுவாரில்லை. எல்லோரும் மிளகாய் பஜ்ஜிக் கடையில் நிற்கிறார்கள்.

மூன்றாம் களமான காட்டில் சட்டமே குறுக்கே நிற்கிறது. பந்திப்பூர்ப் பாதையில் 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு வரை போக்குவரத்துக்குத் தடை. பகலிலும் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, விலங்குகளுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, மீறினால் அபராதம். மரங்களோ நிழல் பரப்பிக்கொண்டு இருபக்கமும் நிற்கின்றன. அப்பருக்குக் கிடைத்த சோலை கண்ணெதிரே ஓடுகிறது, ஒரு நிமிடம் நிற்க வழியில்லை. வண்டிக்குள்ளேயே திறக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, "யானைக்கு வாசனை போயிடும்" என்று டிரைவர் சொன்ன ஒற்றை வாக்கியத்தில் விவாதம் முடிந்தது. அவர் பயந்ததில் தவறில்லை. சாமராஜநகரிலிருந்து சத்தியமங்கலம் இறங்கும் சாலையில், ஆசனூருக்குப் பக்கத்துக் காராப்பள்ளம் சோதனைச்சாவடியருகே யானைகள் கரும்பு லாரிக்காகக் காத்து நிற்கும். குட்டியோடு வந்து, லாரியை மறித்து, கட்டை உருவி எடுத்துக்கொண்டு வழிவிடும். ஃபாஸ்டேக் கேட்காத சுங்கச்சாவடி. அதைத் தாண்டித் திம்பத்தின் இருபத்தேழு வளைவுகள். அங்கே அடுக்கைத் திறந்தால் சோறு இலைக்கு வருமா, மடிக்கு வருமா என்று சொல்ல முடியாது.

ஆகச் சாமி இருக்குமிடத்தில் சாமியே போடுகிறார், மலையில் குரங்கு வாங்கிக்கொள்கிறது, காட்டில் நிற்கவே விடுவதில்லை. எஞ்சியது நெடுஞ்சாலை. அங்கேதான் பழைய காலத்தில் இது நடந்தது. சாலையோரப் புளியமரத்தடியில் ஜமக்காளம் விரித்து, அடிகுழாயில் கை கழுவி, புளியமரத்துக்குக் கீழேயே புளியோதரை தின்ற காலம் ஒன்று இருந்தது. அசோகர் மரம் நட்டார் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர்கள்தாம் பின்னாளில் நான்குவழிச் சாலைக்காக அவற்றை வெட்டினார்கள். இப்போது நடுத்திட்டில் அரளி இருக்கிறது. பூக்கும், எதிர்வண்டியின் விளக்கை மறைக்கும், ஆடு மாடு வாய் வைக்காது. அதன் நிழலில் எறும்பு உட்காரலாம்.

2023 மார்ச்சில் திறந்த மைசூரு விரைவுச்சாலை நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டது. முன்பெல்லாம் பிடதியில் தட்டு இட்லி, மத்தூரில் வடை என்று வண்டி தானாகவே நின்று நின்று போகும். அந்தச் சாக்கில் கூடையும் ஒருமுறை திறக்கும். இன்று இரண்டு ஊரையும் ஒதுக்கிவிட்டுப் பறந்துபோய்விடுகிறோம். மிச்சமான நேரத்தை என்ன செய்தோம் என்று கேட்டால் மைசூரு ஊருக்குள் பார்க்கிங் தேடினோம்.

அப்படியென்றால் எங்கேதான் அவிழ்கிறது? களத்தில் கண்டதைச் சொல்கிறேன். கிருஷ்ணகிரிக்கு இப்பால் ஒரு மேம்பாலத்தின் அடியில், சர்வீஸ் ரோட்டில், மூடிக்கிடந்த பஞ்சர் கடைக்குப் பக்கத்தில். நிழல் பாலம் கொடுத்தது, தண்ணீர் வண்டியிலிருந்த கேனில் வந்தது. அடுக்கின் மூடி பிடித்துக்கொண்டு வரவில்லை. பெரியப்பா முயன்றார், மாப்பிள்ளை முயன்றார், கடைசியில் டிரைவர் ஸ்பேனரால் விளிம்பைச் சுற்றித் தட்டி 'டப்' என்று திறந்தார். எண்ணெயும் பெருங்காயமும் காய்ந்த மிளகாயும் சேர்ந்த அந்த வாசனை எழுந்தவுடன், வழியெல்லாம் ஃபோனிலிருந்து தலையெடுக்காத பிள்ளைகள் தலையெடுத்தார்கள். பக்கத்தில் இன்னொரு கார் நின்றது. கேஏ நம்பர், அவர்களிடமும் ஒரு வயர்கூடை. சித்ரான்னம் இந்தப் பக்கம் வந்தது, வடாம் அந்தப் பக்கம் போனது. எந்தச் சுற்றுலா வரைபடத்திலும் அந்த இடம் இல்லை.

இவ்வளவோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒரு முரண் உறுத்திக்கொண்டே இருந்தது. கோயிலில் சாப்பாடு உண்டு என்று கிளம்பும்போதே எல்லோருக்கும் தெரியும். பாலத்தடியில் தின்றதோ பாதிகூட இல்லை. இருந்தும் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகச் சோறு வடிக்கிறார்கள். கணக்குத் தெரியாதவர்களா? தயிருக்கு உறை அளக்கத் தெரிந்தவர்களுக்கு அரிசி அளக்கத் தெரியாமல் போகுமா? ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு அத்திப்பள்ளி நெரிசலைக் கடந்து வீடு வந்ததும், கூடையிலிருந்து எவரும் எதையும் கேட்கவில்லை. புளியோதரை நேரே ஃபிரிட்ஜுக்குப் போனது. ஊற ஊறத்தான் அதற்கு ருசி. மறுநாள் காலை எட்டு மணிக்கு அது மூன்று டிபன் பாக்ஸ்களாகப் பிரிந்து, ஒன்று பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் கிளம்பியபோது, ஆய்வாளன் என்ற முறையில் பெரியம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"பின்னே? நாள் பூரா ஊர் சுத்திட்டு வந்து, திங்கட்கிழமை விடியக்காலம் எழுந்து யாருப்பா சமைக்கறது?"