கேத்திப் பள்ளத்தாக்கில் பால்மமாக்கி: ஓர் ஆய்வுரை

பால்மமாக்கி என்பது எண்ணெயும் நீரும் ஒரே டப்பாவில் சண்டையின்றிக் குடியிருக்க வழிசெய்யும் பொருள். அதன் மூலக்கூறின் தலை நீரை விரும்பும். நீண்ட வால் எண்ணெயை விரும்பும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று மனிதரிடம் பழிக்கப்படும் குணம் இங்கே தொழில் தகுதியாகிறது. எண்ணெயை நீரில் சிறு திவலைகளாக உடைத்தால், பால்மமாக்கி ஒவ்வொரு திவலையையும் சூழ்ந்து, வாலை உள்ளேயும் தலையை வெளியேயும் நீட்டி நிற்கும். இடைமுக இழுவிசை குறைகிறது. இரு திவலைகள் மோதினாலும் எளிதில் ஒன்றாவதில்லை. இவ்வாறு உருவாகும் கலவை பால்மம். கன்னத்தில் பூசும் கிரீமும் லோஷனும் பெரும்பாலும் இந்த இனமே.

இதை ஆராயக் கேத்தியைவிடத் தகுந்த களம் அரிது. குன்னூருக்கும் உதகைக்கும் இடையே, சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும். ஆகவே கேத்தி வீடுகளில் ஆண்டின் பெரும்பகுதி அது ஸ்பூனால் சுரண்டி எடுக்கப்படும் திடப்பொருள். எண்ணெய் தானாக இறங்கிவர மறுக்கும் ஊரில், விரலோடு வழுக்கிவரும் கிரீமுக்கு மரியாதை கூடுவதில் வியப்பில்லை. மேலும் டிசம்பர், ஜனவரியில் கேரட் தோட்டங்களின் மேல் உறைபனி படியும்போது காற்றில் ஈரம் குறைகிறது. உதடு வெடிக்கிறது, கன்னம் சொரசொரக்கிறது.

பழி முழுவதையும் பனியின்மேல் போடுவது ஊர் வழக்கம். ஆய்வு அதை ஏற்கவில்லை. குளிருக்குப் பயந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டு, சோப்பை இரண்டு முறை தேய்த்துக் குளிப்பவரின் தோலில் இயல்பாக இருந்த எண்ணெய்ப்பசை எங்கே போயிற்று? சோப்பும் ஒரு பால்மமாக்கிதான். அது எண்ணெயைத் திவலையாக்கி நீரோடு அனுப்பிவிடுகிறது. வானிஷிங் கிரீமின் பழைய செய்முறையோ ஸ்டியரிக் அமிலத்தில் ஒரு பங்கைக் காரத்தால் சோப்பாக்கி, அந்த ஸ்டியரேட்டைக் கொண்டே மீதியை நீரில் நிறுத்திவைப்பது. குளியல் சோப்பிலும் ஸ்டியரேட் உண்டு. காலையில் குளியலறையில் திருடியதும் இரவில் கண்ணாடி முன் திருப்பிக் கொடுப்பதும் ஒரே குலம் என்பது இதனால் நிறுவப்படுகிறது.

பால்மங்கள் இருவகை. நீருக்குள் எண்ணெய் மிதப்பது ஒன்று. எண்ணெய்க்குள் நீர் மிதப்பது மற்றொன்று. பால்மமாக்கி எதில் அதிகம் கரைகிறதோ அதுவே ஊடகமாகும் என்பது பேன்கிராஃப்ட் விதி. வாங்கிய கிரீம் எந்த வகை என்று கடையில் விசாரிக்க வேண்டியதில்லை. பூசிய கையைக் குழாயடியில் நீட்டினால் போதும். சட்டென்று கழுவிப்போனால் முதல் வகை. நீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் இரண்டாவது. முதல் வகை பிசுக்கில்லாதது, ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இரண்டாவது தோலின்மேல் படலமாகத் தங்கி உள்ளீரம் வெளியேறுவதைத் தடுக்கும். ஆகவே பாட்டிமார் கட்சி அது. பனிக்காலத்தில் பாட்டிமாரே சரி.

நீலகிரிக்கு இவ்விரு வகைகளும் புதியவை அல்ல. எருமைப்பால் முதல் வகை. அதைக் கடைந்தெடுத்த வெண்ணெய் இரண்டாவது வகை. கடையும்போது திவலைகளைக் காத்த சவ்வு கிழிந்து, கொழுப்பு ஒன்றுதிரண்டு, நீரைத் தனக்குள் சிறைப்பிடிக்கிறது. தோடர் பழங்குடிப் பெண்கள் சுருள்கூந்தலுக்கு வெண்ணெய் தடவியது, அழகுக்கலை நிலையங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மலையில் இரண்டாம் வகைப் பால்மம் புழங்கியதற்குச் சான்று.

எந்தப் பால்மமாக்கி எதற்கு ஏற்றது என்பதை நெடுநாள் கைப்பழக்கமே தீர்மானித்தது. 1949இல் அமெரிக்க வேதியியலாளர் வில்லியம் கிரிஃபின் அதற்கு எண் வகுத்தார். ஸ்பான் 80 என்ற பால்மமாக்கி பெறும் மதிப்பெண் 4.3, அது எண்ணெய்ப் பக்கம் சாயும். ட்வீன் 80 என்ற மற்றொன்றுக்கு 15; அது நீர்ப் பக்கம். அதே 1949இல்தான் கேத்தியில் ஆலை நடத்தும் ஊசி நிறுவனமும் பதிவு செய்யப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் ஒரே ஆண்டு அகப்பட்டால் அதைச் சொல்லாமல் விடுவது ஆய்வு மரபன்று.

கிரீம் டப்பாவின் பின்புறம் காணப்படும் செட்டியரில் ஆல்கஹால் பற்றி ஒரு விளக்கம் தேவை. அது மெழுகு போன்ற திடப்பொருள். கிரீமைக் கெட்டியாக்கி, பால்மமாக்கிக்குத் துணை நிற்கும். குளிருக்கு இதமாகக் குடிக்க நினைப்பவருக்கு அதனால் பயனில்லை.

சமவெளியில் அடைத்த லோஷன் பாட்டிலைக் கேத்தியில் முதன்முறை திறக்கும்போது சட்டையில் பீய்ச்சியடிப்பதுண்டு. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து தள்ளுகிறது. பால்மமாக்கி இதில் நிரபராதி.

அதன் உண்மையான தோல்வி ஜன்னலோரத்தில் நிகழ்கிறது. எந்தப் பால்மமும் நிரந்தரமல்ல. பால்மமாக்கி பிரிவைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. உறைபனி இரவில் கிரீமின் நீர் உறைந்தால், பனிப்படிகங்கள் எண்ணெய்த் திவலைகளை நெருக்கித் தள்ளி, காவல் படலத்தைக் கிழிக்கும். காலை வெயிலில் உருகும்போது மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாக நிற்கும். குலுக்கினால் சற்று நேரம் சேர்ந்ததுபோல் தோன்றும். பிறகு பழையபடி பிரியும். கலமைன் லோஷனைக் குலுக்கிப் பூசுகிறோமே என்று வாதிடலாகாது; அது தொங்கல், அதாவது கரையாத தூள் நீரில் மிதக்கும் கலவை, அதைக் குலுக்கியே ஆக வேண்டும். பிரிந்துபோன கிரீமில் கிருமித் தடுப்பானும் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கக்கூடும். எனவே விலையைப் பார்க்காமல் அதை எறிந்துவிடுக. அடுத்த டப்பாவை ஜன்னலில் வைக்காமல் அலமாரிக்குள் வைத்திடுக. சோப்பை ஒருமுறையோடு நிறுத்துக.