கடாரத்து ரசிகரும் ஒலிநாடாவின் மிச்ச ஏழு நிமிடமும்

முற்போக்கு ராக் என்று தமிழில் எழுதினால், பழைய கடாரமான, மலேசியாவின் கெடா மாநிலத்து வாசகர் எழுத்தாளர் சங்கக் கூட்டத்துக்கு அழைப்பு வந்திருப்பதாக எண்ணிச் சட்டையைத் தேடத் தொடங்கிவிடுவார் என்பதால், புரோகிரசிவ் ராக் என்ற பெயரை அப்படியே வைத்துக்கொள்வது நல்லது. தங்கள் மேதைமை மூன்று நிமிடப் பாட்டுக்குள் அடங்காது என்று முடிவுசெய்த இங்கிலாந்து இளைஞர்கள், 1960களின் கடைசியில், செவ்விசையின் நீளத்தையும் ஜாஸின் தாளச் சிக்கலையும் மின்கிடாரோடு சேர்த்துக் கட்டிய இசை அது. 1972இல் வந்த ஜெத்ரோ டல் குழுவின் ‘திக் அஸ் எ பிரிக்’ இசைத்தட்டில் இரு பக்கங்களுக்கும் சேர்த்து ஒரே பாட்டுதான். மறு ஆண்டில் பிங்க் ஃபிளாய்ட் வெளியிட்ட ‘மனி’ ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. கோவில் நாகசுரத்தில் மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த தோட்டத்துக் காதுக்கு ஏழு புதிதல்ல என்றாலும், வெள்ளைக்காரர் எண்ணிக் காட்டிய பிறகுதான் அந்த ஏழுக்கு மரியாதை கூடியது.

இதற்குத் தமிழில் மிக அருகில் நிற்பது, பாக், தியாகராஜர் இருவருக்கும் காணிக்கையாக இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் தொகுப்பு. படமும் கதாநாயகனும் இல்லாமல், வி. எஸ். நரசிம்மனின் வயலினை நம்பி வந்த அதில், ஒப்பிடாதே என்று பொருள்படும் ‘டோன்ட் கம்பேர்’ என ஒரு பகுதிக்கே பெயர் சூட்டியிருக்கிறார். அன்று முதல் அதன் ரசிகர்கள் செய்துவரும் ஒரே வேலை ஒப்பிடுவதுதான். 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்ததும், ஒப்பிட இன்னொன்று கிடைத்த நிம்மதியில் அவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

பீடோங்குக்கு அருகில் ஹார்வர்ட் என்ற பெயரிலேயே ஒரு தோட்டம் இருக்கும் கெடா மாநிலத்தில் இத்தகைய ஒப்பாய்வு நடப்பது வியப்பன்று. சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ ஓர் ஒட்டுக்கடையில், தே தாரிக் நுரை அடங்குவதற்குள் அது தொடங்கிவிடும். அதன் வடிவம் ஃபியூக் எனப்படும் மேற்கத்திய இசைவடிவத்தை ஒத்தது. ஒரு குரல் எடுத்த அடியை அடுத்த குரல் அப்படியே எடுக்க, முதற்குரல் வாயை மூடாமல் வேறொன்றைச் சொல்லிக்கொண்டே போக, மூன்றாவது குரலும் அதே அடியோடு வந்து சேருவது அது. பாக் இதை ஒழுங்கோடு எழுதினார். ஒட்டுக்கடையில் ஒழுங்கு ஒன்றுதான் குறை.

ஒரே தொகுப்பைப் பற்றி இத்தனை கருத்துகள் ஏன் என்று ஆராயப் புகுந்தால், அவர்கள் கேட்டது ஒரே தொகுப்பு அல்ல என்பது விளங்கும். லயத்து வீட்டு வாசலில் வெயிலில் காயவைத்துக் கடைசி மூச்சு வரை ஓட்டிய பேட்டரியில் நாடா மெதுவாகச் சுற்ற, சுருதி இறங்கி, வயலின் வியோலா போல் முனகியதைக் கேட்டு வளர்ந்தவர், பின்னாளில் குறுந்தட்டில் அதைக் கேட்டுவிட்டு, ‘அவசரப்பட்டுக் கெடுத்துட்டாங்க லா’ என்று வருந்துகிறார். பக்கத்துக்கு 45 நிமிடம் கொள்ளும் சி-90 நாடாவின் பங்களிப்பு இன்னும் பெரிது. யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ ஏறத்தாழ 38 நிமிடம்தான் என்பதால் மிச்ச ஏழு நிமிடத்தை வீணாக்க மனமில்லாத கைகள் அதில் ஒரு சினிமாப் பாட்டைப் பதிந்து கொடுத்துவிட, அந்த ஆங்கிலேயக் குழு இறுதியில் தமிழிசைக்குத் தலைவணங்கியது என்று நெடுங்காலம் வாதாடிய ரசிகரும் உண்டு. அவரை மறுத்தவர் பாதியில் நாடா சிக்கியவர். இருவரும் அவரவர் நாடாவுக்கு உண்மையாகவே பேசினார்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய்த் தாமான் வந்து, லயங்கள் இருந்த இடத்தில் வரிசைவீடுகள் எழும்பிய பிறகும் கருத்துகள் இடம்பெயரவில்லை. ராஜேந்திர சோழனின் படை 1025இல் வந்த கடாரத்தில் அன்று யார் வென்றார்கள் என்பதாவது கல்வெட்டில் இருக்கிறது. ‘ஹவ் டு நேம் இட்’டா ‘நத்திங் பட் விண்ட்’டா என்பதற்கு அந்த வசதியும் இல்லை.

கேட்ட இசையைப் பற்றிய கருத்தாவது சற்று வளைந்து கொடுக்கும்; கேட்காத இசையைப் பற்றிய கருத்தை அசைக்கவே முடியாது. 1993இல் லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு இளையராஜா ஒரு சிம்பொனியைப் பதிவுசெய்தார். அது வெளியிடப்படவே இல்லை. ஆகவே அதில் குறை கண்டவர் எவருமில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது ஒட்டுக்கடைகளில் எல்லாத் தொகுப்புகளையும் தோற்கடித்து வந்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறிய செய்தி வந்ததும், சுங்கைப்பட்டாணி மேசையொன்றில் மூத்த ரசிகர் ஒருவர் கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டி, ‘நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்தத் தொண்ணூத்தி மூணு மாதிரி வராது’ என்று தீர்ப்பளித்தார். இரண்டையும் எப்போது கேட்டீர்கள் என்று எவரும் வினவவில்லை. மேசைக்கு இன்னொரு சுற்றுத் தே தாரிக் சொல்லப்பட்டது.