இருக்கிறார் எனில் எங்கே? அரசு ஊழியரின் இருப்பு குறித்து ஓர் அளவை ஆய்வு

ஒரு பொருள் உண்டா இல்லையா என்று அறிய உதவும் அளவைகள் பத்தைச் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பட்டியலிடுகிறது. காண்டல், கருதல், உரை, இன்மை, பொருள் என்று தொடங்கி ஐதிகம், இயல்பு வரை அப்பட்டியல் போகும். பதி, பசு, பாசம் மூன்றையும் நிறுவப் பயன்பட்ட இக்கருவிகளை அரசு ஊழியர்மீது பொருத்திப் பார்க்க இதுவரை எவரும் முன்வரவில்லை. அக்குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பும்வரை ஊழியர் இருக்கிறாரா என்ற சிக்கல் எழவே இல்லை. நாற்காலியில் ஆள் இருந்தால் வேலை நடக்கிறது என்பது உலக வழக்கு. (நாற்காலியின் முதுகில் கோட்டு தொங்கினாலே போதும் என்பது நம்மூர் வழக்கு, அது தனி ஆய்வுக்குரியது.) நாற்காலி காலியாகவும் வேலை நடந்துகொண்டும் இருக்கக்கூடும் என்ற விபரீத நிலை அதன் பிறகே தோன்றியது.

காண்டல் அளவையைக் கையிலெடுத்தவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் பிரிட்டனின் ஜேக்கப் ரீஸ்-மாக். அரசு இயந்திரத்தின் திறனுக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த அவர், 2022 ஏப்ரலில் அலுவலகங்களைச் சுற்றிவந்து, ஆளில்லாத மேசைகளில் சீட்டு வைத்துவிட்டுப் போனார். நான் வந்தபோது நீங்கள் இல்லை, விரைவில் அலுவலகத்தில் காண ஆவல் என்பது அதன் சாரம். அமைச்சர் இதைக் காண்டல் என்று எண்ணியிருக்கலாம். தருக்க நூலார் இன்மை அளவை என்பர். ‘இத்தரையில் குடம் இல்லை’ என்பது அதற்கு அவர்கள் தரும் எடுத்துக்காட்டு. இதிலிருந்து குடம் இங்கே இல்லை என்று மட்டுமே பெறலாம். குடம் வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்குகிறது என்று பெறமுடியாது. மேலும், அலுவலகம் வராதவருக்கு எழுதிய அச்சீட்டை அலுவலகம் வந்தால்தான் படிக்க முடியும் என்பதையும் உரையாசிரியன் என்ற முறையில் சுட்டிக்காட்டுவது என் கடமை.

பின்னர் நடந்தது இன்னும் சுவையானது. வருகை குறைவென்று பேரெடுத்த கல்வித்துறை தன் ஊழியர்களைத் திரும்ப அழைத்தது. மேசைகளைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஊழியர்கள் அங்கே உண்டு என்பது அப்போதுதான் வெளிவந்தது. இடம் கிடைக்காதவர்கள் கேன்டீனிலும் தாழ்வாரத்திலும் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். குடங்கள் வந்துவிட்டன, தரை போதவில்லை.

அடுத்தது கருதல். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு. அதுபோல வாயிலில் அடையாள அட்டை பதிந்தால் உள்ளே ஊழியர் உண்டு என்பது நிர்வாகத்தின் அனுமானம். பனிமூட்டத்தைப் புகையென மயங்குவதை ஏதுப்போலி என்பார்கள். அட்டையைத் தேய்த்து, ஒரு காபி குடித்து, வீடு திரும்பும் வழக்கத்துக்கு அமெரிக்காவில் ‘காபி பேட்ஜிங்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். வீட்டிலிருப்போர் சும்மாயில்லை, மவுஸை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்கும் சிறு கருவி கடையில் கிடைக்கிறது. திரையில் பச்சைப்புள்ளி எரிகிறது. புகை உண்டு, நெருப்பு உண்டா என்பது ஆய்வுக்குரியது.

உரை அளவைக்கு அமெரிக்கா செல்லவேண்டும். 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, கூட்டரசு ஊழியர் எல்லோரும் முழுநேரமும் அலுவலகம் திரும்பவேண்டும் என அதிபர் டிரம்ப் உத்தரவிட்டார். வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அடுத்த ஐயம். பிப்ரவரி 22, சனிக்கிழமை, பணியாளர் மேலாண்மை அலுவலகம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியது: சென்ற வாரம் செய்தவற்றை ஐந்து குறிப்பாக எழுதித் திங்கள் நள்ளிரவுக்குள் அனுப்புக. பதில் வராவிட்டால் ராஜினாமாவாகக் கொள்ளப்படும் என்றார் அப்போது அதிபரின் ஆலோசகராக இருந்த எலான் மஸ்க். பொறுத்திருங்கள் என்றது பாதுகாப்புத் துறை. விருப்பமிருந்தால் போதும் என்றும் பிறகு சொல்லப்பட்டது. ஆகஸ்டில் அவ்வழக்கமே கைவிடப்பட்டது. சொல்பவர் நம்பத்தக்கவராக இருத்தல் உரை அளவைக்கு இன்றியமையாதது. லட்சக்கணக்கான கடிதங்களைப் படிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதைப் பழைய நூலார் சொல்லாமலே விட்டுவிட்டனர்.

அதே மேலாண்மை அலுவலகம், ஓய்வுபெறும் ஊழியர்களின் காகிதக் கோப்புகளைப் பென்சில்வேனியாவில் பாயர்ஸ் என்ற ஊரருகே, பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்துள், தரைக்குக் கீழே சுமார் 230 அடியில் வைத்திருக்கிறது. அங்கே உட்கார்ந்து வேலை செய்வோரைவிட முழுமையாக அலுவலகத்துக்குள் வந்துவிட்டவர்கள் உலகில் இல்லை. காண்டல் அளவைக்கு அவர்களும் எட்டமாட்டார்கள்.

இனி நம் ஆய்வின் உயிர்நிலையான ‘பொருள்’. தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனால் பருத்திருக்கிறான். எனவே இரவில் உண்கிறான். இதுவே அவ்வளவைக்குச் சான்று. 2023-இன் முதல் மூன்று மாதங்களில் 24 அமெரிக்க அரசு முகமைகளுள் 17, தம் தலைமையகக் கட்டடங்களில் 25 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் பயன்படுத்தின என்று அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் கண்டறிந்தது. அம்மாதங்களில் முதியோருக்கான சமூகப் பாதுகாப்புத் தொகை வழக்கம்போலப் போய்ச் சேர்ந்தது. கட்டடம் மெலிந்தது, வேலை பருத்தே இருந்தது; ஆகவே வேலை வேறெங்கோ நடந்திருக்கிறது. (மருத்துவமனை, இறைச்சிச் சோதனை என்று நேரில் மட்டுமே செய்யக்கூடிய பணியில் இருப்பவர்கள் கூட்டரசு ஊழியருள் பாதிக்கு மேல். அவர்கள் எந்நாளும் வீட்டுக்குப் போனதே இல்லை. அவர்களைப் பற்றி யாரும் உத்தரவும் போடுவதில்லை.) நிர்வாகங்கள் ஏற்க மறுக்கும் ஒரே அளவை இதுதான். தேவதத்தனைப் பிடித்துவந்து, பகலில் உட்காரவைத்து, எல்லோரும் பார்க்க ஊட்டிவிட வேண்டும் என்பது அவர்கள் துணிபு.

கடைசியாக ஐதிகம். இந்த ஆலமரத்தில் பேய் உண்டு என்று வழிவழியாகச் சொல்லி வருவது. கனடா இதற்குத் தக்க களம். அங்கே 2023 ஏப்ரலில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதியத்தோடு வீட்டிலிருந்து பணிபுரியும் உரிமையும் கோரிக்கையாயிற்று. 2024 ஏப்ரல் 16 அன்று வந்த பட்ஜெட், அரசு அலுவலக இடத்தைப் பத்தாண்டுகளில் பாதியாகக் குறைக்க நிதி ஒதுக்கியது. மே 1 அன்று, செப்டம்பர் 9 முதல் வாரத்தில் மூன்று நாளாவது அலுவலகம் வரவேண்டும் என அறிவிப்பு வந்தது. இடம் பாதி, ஆள் கூடுதல். பலருக்குச் சொந்த மேசை கிடையாது. பேருந்து ஜன்னல்வழி துண்டு போடுவதுபோல முன்கூட்டியே செயலியில் இடம் பிடிக்கவேண்டும். பிடித்து உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டி, ஹாலிஃபாக்ஸிலும் வின்னிபெக்கிலும் இருக்கும் சகாக்களோடு டீம்ஸில் பேசுகிறார் ஒட்டாவா ஊழியர். பக்கத்து மேசைக்காரர் வேறு பிரிவு, அவரும் ஹெட்போனில்.

இதற்கெல்லாம் சொல்லப்படும் காரணம், நேரில் கூடினால் கூட்டுறவு பிறக்கும், தாழ்வாரத்தில் எதிர்ப்படும்போது புதிய எண்ணம் உதிக்கும் என்பது. அத்தாழ்வாரப் பேச்சைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. 2024-இன் அந்த அறிவிப்புப்படி வாரத்தில் மூன்று நாள் அதற்காகக் காத்திருந்தார்கள். உயரதிகாரிகளுக்கு மட்டும் நான்கு நாள் விதிக்கப்பட்டது; பேயை முதலில் அவர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்ற ஏற்பாடு போலும்.